கால் வைக்கக் கூடாத ஊருணி: நம்மூர் கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

வருகிற ஜனவரி 26 அன்று பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூடப்போகிற நம்மூர்க்காரர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். எனக்கு நம்மூரில் ஓட்டு இல்லை. கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் இங்கேதான். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர் என்பது சட்டம். ஆகவே கூட்டத்தில் கை தூக்க எனக்கு வழியில்லை. பனியன் கம்பெனியில் கணக்கெழுதிப் பழகிய கையை வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறேன். என் தம்பி மகன் கூட்டத்தில் வாசிப்பான். அவனை வாசிக்க விடுங்கள்.

விஷயம் ஊருணி, மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து ஊரே குடித்த குளம். அக்டோபரில் நடந்த கூட்டத்தில், பயன்பாடற்ற பள்ளத்தை நிரவிச் சமுதாயக் கூடம் கட்டலாம் என்று ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. எந்தப் பள்ளம் என்று அதில் பெயர் இல்லை, சர்வே எண் மட்டும்தான். தம்பி மகன் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய், எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கிற அ-பதிவேட்டைப் பார்த்திருக்கிறான். அங்கே ஒரே சொல்தான் இருந்ததாம்: ஊருணி.

தீர்மானத்துக்குக் கீழே இருக்கிற கையெழுத்துகளில் ஒன்று என் அம்மாவுடையது. போனில் கேட்டேன்.

"நூறு நாள் வேலைக்குப் போனோம்த்தா. அப்படியே பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னாங்க. நோட்டை நீட்டுனாங்க, போட்டேன்."

"எதுக்குன்னு கேக்கலையாம்மா?"

"சம்பளத்துக்குத்தான்னு நெனச்சேன்."

அந்தக் கையெழுத்தை அம்மா தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் கற்றுக்கொண்டது. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், பள்ளிக்கூடத் திண்ணையில், எங்களை விடச் சின்னப் பெண் ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்து எழுத வைத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்த நாளில் வீட்டுச் சுவரெல்லாம் கரியால் தன் பெயரை எழுதிவைத்தது. அதே கையெழுத்தை ஆள் கணக்குக்கு வாங்கியிருக்கிறீர்கள். நம்மூர் மாதிரி 3,000 பேருக்கு உட்பட்ட ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாக 100 பேர் வேண்டும். அந்த 100-ல் எத்தனை பேருக்கு எந்தப் பள்ளம் என்று தெரியும்?

தலைவரைக் கேட்கலாம் என்றால் தலைவர் இல்லை. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார். அவருக்கு எத்தனையோ ஊர், அவரைக் குறை சொல்லவில்லை. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாதபோது ஊராட்சி என்பது மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற நீங்கள்தான். அதனால்தான் தாலுகா ஆபீசுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் காலனித் தெருக்காரி. அதைச் சொல்லாமல் இந்த ஊருணியைப் பற்றிப் பேச முடியாது.

இளவட்டங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். நம் பக்கம், மானாமதுரைக்கும் இளையான்குடிக்கும் நடுவில், ஆழத்துத் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. ஐப்பசி கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தால்தான் சித்திரையில் குடிக்கத் தண்ணீர். வயலுக்குக் கண்மாய், வாய்க்கு ஊருணி. கண்மாயில் மாடு இறங்கலாம், துணி துவைக்கலாம், மீன் பிடிக்கலாம். ஊருணியில் கால் படக் கூடாது. படித்துறைக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு, கடைசிப் படியில் குந்தி, குடத்தால் மேல் தண்ணீரை விலக்கிவிட்டு மொள்ள வேண்டும். வீட்டுக்குப் போனதும் தேத்தாங்கொட்டையைக் குடத்துக்குள் உரசிவிட்டு வைத்தால் கலங்கல் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கிற தண்ணீருக்கு ஒரு தித்திப்பு இருக்கும். இன்றைக்கு எந்தக் கேன் தண்ணீரிலும் அந்த ருசியைக் காணோம்.

என் தாத்தா நீர்பாய்ச்சி. கண்மாய் மடை திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. களத்தில் நெல் அளக்கும்போது அவருக்குச் சுவந்திரம் உண்டு, அதாவது நெல்லில் ஒரு பங்கு. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலும் அவர் பொறுப்புதான். மழை பெய்ததும் தண்ணீரை உள்ளே விட்டுவிட மாட்டார். முதல் தண்ணீர் காட்டைக் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர். அதைக் கண்மாய்க்குத் திருப்பிவிடுவார். இரண்டாவது மழையோ மூன்றாவது மழையோ, உள்ளங்கையில் அள்ளிப் பார்த்து, ரேகை தெரிந்தால்தான் ஊருணிக்குத் திறப்பார். ராத்திரியில் மழை பெய்தால் அரிக்கேன் விளக்கோடு போவார். கோடையில் ஊருணி வற்றினால் வண்டல் வெட்ட எங்கள் தெருதான் இறங்கும். அப்போது மட்டும் கால் வைக்கலாம், தண்ணீர் இருக்காதே.

தண்ணீர் வந்த பிறகு அவர் வீட்டுக் குடம் அதில் இறங்கக் கூடாது.

அப்பத்தா உச்சிவெயிலில் குடத்தோடு போய் ஊருணியின் தென்கரையில் நிற்கும். மொள்ள வருகிறவர்களைப் பார்த்து, "ஆத்தா, ஒரு கொடம் ஊத்துங்க ஆத்தா" என்று கேட்கும். வருகிறவர் என் வயசுப் பிள்ளையாக இருந்தாலும் 'ஆத்தா'தான். மனசு வந்தவர்கள் ஊற்றுவார்கள். குடமும் குடமும் பட்டுவிடக் கூடாது என்பதால் ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். பாதி வாயில் விழும், மீதி விளிம்பில் பட்டுத் தெறித்து அப்பத்தாவின் கணுக்காலை நனைத்துக்கொண்டு ஓடும். ஒரு குடம் நிறைய ஒன்றேகால் குடம் ஊற்ற வேண்டும். சிந்துகிற அந்தக் கால் குடத்துக்காகத் திட்டுவாங்கியதையும் நான் கேட்டிருக்கிறேன். நல்லவர்களும் இருந்தார்கள். கேட்காமலே இரண்டு குடம் ஊற்றிய ஒரு மதினியை அப்பத்தா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் ஊற்றியவர் நல்லவரா கெட்டவரா என்பதா இங்கே பேச்சு?

ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது பழைய படம் ஒன்றைப் போட்டு, 'அந்தக் காலத்தில் ஊரே ஒரே தண்ணீர் குடித்தோம்' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். ஒரே தண்ணீர்தான். ஒரே படித்துறை இல்லை.

எண்பதுகளில் காலனியில் அடிகுழாய் போட்டார்கள். 1985-ல் இராமநாதபுரத்திலிருந்து நம் சிவகங்கை மாவட்டம் பிரிந்த சமயத்தை ஒட்டித்தான். தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரித்தது, பருப்பு வேகாது. இருந்தாலும் அப்பத்தா அதைத்தான் குடித்தது. "யாரையும் கெஞ்ச வேணாம்ல" என்றது. அப்புறம் மேல்நிலைத் தொட்டி. அப்புறம் தள்ளுவண்டிக் காலம். எட்டுக் குடம் அடுக்கி பொம்பளைகள் பக்கத்து ஊருக்கு உருட்டிக்கொண்டு போனது. 2010 வாக்கில் காவிரித் தண்ணீர் நம் பக்கம் வந்தது: திருச்சிக்கு அருகே ஆற்றில் எடுத்து, புதுக்கோட்டையைத் தாண்டி, சிவகங்கையைத் தாண்டி, இராமநாதபுரம் வரை குழாயில். இப்போது வாசலுக்கு வாசல் குழாய். குடிக்க மட்டும் இருபது லிட்டர் கேன், குட்டியானை வண்டியில் வருகிறது.

இதில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. பழைய காலம் திரும்ப வேண்டும் என்று கேட்கிற ஆள் நான் இல்லை. அந்தக் காலத்தில் தென்கரையில் நின்றது எங்கள் வீட்டுக் கால். இன்றைக்கு அம்மா 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் காசில்லாமல் மானாமதுரைக்குப் போய் மருந்து வாங்கி வருகிறது. 2023 செப்டம்பரிலிருந்து மாசம் ஆயிரம் ரூபாய் அதன் பெயரில் பேங்கில் விழுகிறது. யாரிடமும் கை நீட்டாமல் வெற்றிலை பாக்கு வாங்குகிறது. எங்கள் தெருவில் நர்ஸ் இருக்கிறாள், சிங்கப்பூர் போன பையன்கள் இருக்கிறார்கள். அறுவடைக்கு மிஷின் வந்து, நாலு நாள் குனிந்து அறுத்த வயலை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. கூலி போச்சு என்று அப்போது அழுதோம். முதுகு மிஞ்சியது என்று இப்போது சொல்கிறோம். இரண்டும் உண்மைதான்.

ஆனால் ஊருணிக்கு என்ன ஆனது என்று பாருங்கள். அதை யாரும் சண்டை போட்டு மூடவில்லை. தடையுத்தரவு வாங்கவில்லை. குழாய் வந்ததும் ஒவ்வொரு வீடாக வராமல் போனது, அவ்வளவுதான். காவல்காரருக்குக் கொடுத்த நெல் நின்றது. தாத்தா போன பிறகு வரத்துக்காலைப் பார்க்க ஆள் இல்லை. தார்ச்சாலையை ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டின் மேலேயே போட்டுப் போட்டு ரோடு உயர்ந்து, கீழே வரத்துக்கால் தண்ணீர் வந்த பாலம் மண்ணுக்குள் போய்விட்டது. கரையில் சீமைக்கருவை முளைத்தது. அதன் பிறகு கறிக்கடைக் கழிவு, பிராந்தி பாட்டில், பிளெக்ஸ் துணி.

1998 பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது சாயங்காலம் தனியாக அங்கே போனேன். கணுக்கால் அளவு தண்ணீர் கிடந்தது. படித்துறையில் இறங்கினேன். ஒன்று, இரண்டு, கடைசிப் படி. செருப்பைக் கழற்றினேன், பழக்கதோஷம். தண்ணீரில் கால் வைத்தேன். யாரும் தடுக்கவில்லை. தடுக்க அங்கே யாரும் இல்லை. கால்விரலுக்கு நடுவில் சேறு ஏறியது. எதிர்க்கரையில் ஒரு பன்றி கிளறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடிகுழாயில் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யாருக்கும் வேண்டாமல் போன பிறகுதான் எங்களுக்கு அந்த ஊருணி திறந்தது.

"அப்படிப்பட்ட ஊருணியை மூடினா நமக்கென்னக்கா, சனியன் ஒழிஞ்சதுன்னு விடு" என்றான் தம்பி. அவன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கெழுதுகிறவளுக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. வரவேண்டிய பாக்கி வருவதற்கு முன்னாலேயே நோட்டைக் கிழித்துவிட்டால் பாக்கி தீர்ந்ததாகுமா? அந்த ஊருணியில் தண்ணீர் நிற்க வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் அதே படித்துறையில் இறங்கி, அதே கடைசிப் படியில் குந்தி, தன் கையால் மொள்ள வேண்டும். அம்மா உயிரோடு இருக்கும்போது நடக்க வேண்டும். மேலே கூடம் எழும்பி, கிரானைட்டில் நன்கொடையாளர் பெயர்கள் மின்னும்போது, அடியில் என்ன இருந்தது, யார் எங்கே நின்றார்கள் என்று கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இது என் மனசுக் கணக்கு. உங்களுக்கு அது வேண்டாம் என்றால் தண்ணீர்க் கணக்குக்கு வாருங்கள்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது நினைவிருக்கும். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டமாக அறிவித்தார்கள். அந்தச் சித்திரையில் குழாயில் காற்றுத்தான் வந்தது. அய்யனார் கோயில் பக்கம் ஊர்க்காசில் போட்ட போர் 400 அடிக்கு இறங்கி உப்பைத்தான் கொண்டுவந்தது. ஊரில் அப்போது வாயில் வைக்கிற மாதிரித் தண்ணீர் எங்கே கிடைத்தது? ஊருணிக் கரைக் கிணறு. முப்பது அடி ஆழம்தான். அதற்கு முந்தின வருஷங்களில் ஊருணியில் நின்ற மழைத் தண்ணீர் சுவறிப்போய் அந்தக் கிணற்றடியில் கிடந்தது. தூர்ந்து, குப்பை நிறைந்து, யாரும் திரும்பிப் பார்க்காத நிலையிலும் அந்த ஊருணி உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது. ராத்திரி இரண்டு மணிக்கு வரிசை நின்றது. மேலத்தெரு, கீழத்தெரு, காலனி எல்லாம் கலந்து. அம்மா அன்றைக்குப் போனில் சொன்னது: "எனக்கு முன்னாடி நின்ன மேலத்தெரு ஆத்தாவுக்குக் கயிறு இழுக்க முடியல. நான்தான் எறச்சு ஊத்துனேன்." எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றியது என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

ஊருணியை நிரவினால் அந்தக் கிணறு என்ன ஆகும் என்று சொல்ல என்ஜினியர் வேண்டாம். காவிரியிலிருந்து வருகிற குழாய் எத்தனை ஊர், எத்தனை வால்வு தாண்டி நம்மிடம் வருகிறது. நாம் அந்தக் குழாயின் வால்பகுதி. மழை நாளில் நம் தலைமேல் விழுகிற தண்ணீரை ரோட்டில் விட்டுவிட்டு, ஆற்றுக்காரர்கள் தருவார்கள் என்று உட்கார்ந்திருப்பதா?

சட்டம் பேசுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பஞ்சாபில் பாட்டியாலா பக்கத்து ஊர் ஒன்றில் குளத்து நிலத்தை நிரவி வீடு கட்டியவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2011 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. காலிசெய் என்றார்கள். பணம் கட்டினால் வரைமுறைப்படுத்தலாம் என்று அரசே எழுதிக்கொடுத்த கடிதமும் செல்லாது என்றார்கள். ஊர்ப் பொதுநிலத்தில் இருக்கிற ஆக்கிரமிப்புகளை எடுத்து ஊராட்சியிடம் திரும்ப ஒப்படைக்க எல்லா மாநிலங்களும் திட்டம் போட வேண்டும் என்றும் சொன்னார்கள். நாளைக்கு யாராவது ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனால் நம் கூடம் பாதிச் சுவரோடு நிற்கும். நன்கொடை கொடுத்தவர்கள் பணம் செங்கல்லாகக் கிடக்கும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் துபாயிலும் இருக்கிற நம்மூர் அண்ணன் தம்பிகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். நீங்கள் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. கல்யாணம், காதுகுத்துக்கு மானாமதுரை மண்டபத்துக்கு அலைய வேண்டாம் என்று நினைத்தீர்கள். கூடம் வேண்டும்தான். எங்கள் தெருவுக்கும் வேண்டும். அதில் எங்கள் வீட்டு விசேஷமும் நடக்கும் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள், பிறகு பேச்சு வரக் கூடாது. இடம் இல்லை என்பதுதான் பொய். மிஷின் வந்த பிறகு களத்தில் யாரும் கதிர் அடிப்பதில்லை. வருஷத்தில் பத்து நாள் மிளகாய் காய்கிறது, மற்ற நாளில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அதுவும் புறம்போக்குதான், அதற்கும் வகைமாற்றம் கேட்டு எழுத வேண்டியிருக்கும். ஆனால் அது நீர்நிலை இல்லை. மேடான இடம், பஸ் நிற்கிற ரோட்டுக்குப் பக்கம். மிளகாய் காயப்போட ஒரு ஓரத்தை விட்டுவிட்டால் போதும்.

அண்ணன்மார் பணத்தில் ஒரு பங்கை ரோட்டுக்கு அடியில் புதைந்துபோன அந்தப் பாலத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அதைத் திறக்காமல் ஊருணியை மட்டும் தூர்வாரி, நாலு பக்கமும் கம்பிவேலி போட்டு, பெஞ்சு போட்டுப் படம் எடுத்துக்கொண்டால் ஒரு சொட்டும் வராது. பக்கத்து ஊரில் அப்படி ஒன்று இருக்கிறது. சுற்றுச்சுவருக்கு அழகாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், உள்ளே எருக்கஞ்செடி. தாத்தா சொல்லிக்கொடுத்த வரத்துக்கால் வழி இன்றைக்கும் அம்மாவுக்குத் தெரியும். எந்தப் பனையை ஒட்டித் திரும்பும், எந்த இடத்தில் கல்லடைப்பு இருந்தது என்று நடந்தே காட்டும். எழுபத்தெட்டு வயசு, மெதுவாகத்தான் நடக்கும். சர்வேயர் வருகிற நாளில் கூப்பிடுங்கள்.

26-ஆம் தேதி அக்டோபர் தீர்மானத்தை மறுபடி எடுத்து வையுங்கள். 'பயன்பாடற்ற பள்ளம்' என்பதை அடித்துவிட்டு 'ஊருணி' என்று எழுதுங்கள். எழுதிய பிறகும் மூடத்தான் வேண்டும் என்று நூறு பேர் கை தூக்கினால் தூக்குங்கள்; யார் யார் தூக்கினார்கள் என்று பெயரோடு நோட்டில் இருக்கட்டும். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் சத்தமாக வாசியுங்கள். அம்மா முன்வரிசையில்தான் உட்காரும். இடது காது கேட்காது, வலது பக்கமாக நின்று வாசிக்கவும்.

இப்படிக்கு,
நீர்பாய்ச்சி வீட்டுப் பேத்தி,
காலனித் தெரு. இப்போது திருப்பூரிலிருந்து.